ஆலை மூடிய ஊரில் ஒரு ரப்பர் துண்டு

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது அபிங்டன். பழைய கல்பாலம், இடிந்த மடாலயத்தின் மிச்சங்கள், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கவுன்டி ஹால். அரச குடும்பத்தில் முடிசூட்டு விழா, திருமணம் என்று ஏதாவது நடந்தால் இந்த ஹாலின் மாடியிலிருந்து கீழே திரண்டிருக்கும் கூட்டத்தின் மீது பன்களை வீசுவது ஊர் வழக்கம். ஆனால் உலகெங்கிலுமிருந்து கார் பைத்தியங்களை இங்கே இழுத்து வருவது பன் அல்ல, எம்ஜி.

ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய மோரிஸ் கராஜஸ் நிறுவனத்தின் முதல் எழுத்துகள்தான் எம்ஜி. அதன் மேனேஜர் செசில் கிம்பர் வளர்த்தெடுத்த இந்த ஸ்போர்ட்ஸ் கார், 1929ல் அபிங்டனில் ஒரு பழைய தோல் தொழிற்சாலையில் குடியேறியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஊருக்குச் சோறு போட்டது. 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்ஜிபி மாடல் மட்டும் 5 லட்சத்தைத் தாண்டியது. 1979 செப்டம்பரில் பொன்விழா கொண்டாட்டம் முடிந்த கையோடு, ஆலையை மூடப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. 1980 அக்டோபரில் கதவு சாத்தப்பட்டது. இன்று அந்த இடத்தில் வீடுகள், அலுவலகங்கள், ஒரு போலீஸ் நிலையம். அருகிலேயே எம்ஜி கார் கிளப்பின் தலைமையகம்.

ஆலை போய்விட்டது. கார்கள் போகவில்லை. அவற்றை ஓட வைத்துக்கொண்டிருப்பது எது என்று தெரிய வேண்டுமானால் காருக்கு அடியில் படுக்க வேண்டும்.

எம்ஜிபியின் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரே உடம்பு. முன்னால் என்ஜினை இரண்டு ரப்பர் மவுண்டிங்குகள் தாங்குகின்றன. பின்னால் கியர்பாக்ஸின் வால்பகுதி இரண்டு சிறிய மவுண்டிங்குகள் வழியாக ஓர் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதிர்வை விழுங்குவது அவற்றின் வேலை. ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. எண்ணெய் கசிந்தால் ஊறிப்போகும். ஓட்டாமல் ஷெட்டில் மூடி வைத்தாலும் காலப்போக்கில் வெடிக்கும். அப்போது கிளட்ச்சை விட்டதும் 'டக்' என்று ஓர் அடி, கியர் லீவரில் நடுக்கம். கியர்பாக்ஸே போய்விட்டது என்று உரிமையாளர் பதறுவார். போனது பெரும்பாலும் இந்த ரப்பர்தான்.

கியர்பாக்ஸை வெளியே எடுப்பதென்றால் என்ஜினையும் இறக்க வேண்டிய பெரிய வேலை. மவுண்டிங் மாற்ற அதெல்லாம் வேண்டாம், பொறுமை போதும். காரை உயர்த்தி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது தற்கொலைக்குச் சமம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட வேண்டும். கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி மெல்ல இறக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் என்ஜினும் சாயும். கிளட்ச் குழாயும் ஸ்பீடாமீட்டர் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். புதிய ரப்பரைப் பொருத்தும்போது எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டுமே திருக வேண்டும். ஒன்றை இறுக்கிவிட்டால் அடுத்தது துளைக்குள் போகாது. கியர்பாக்ஸின் எடை ரப்பர் மீது இறங்கிய பிறகே ஸ்பேனருக்கு வேலை.

சரியான துண்டு கிடைப்பதும் ஒரு வித்தைதான். 1967 இறுதியில் எம்ஜிபிக்குப் புதிய கியர்பாக்ஸ் வந்தது. அதற்கேற்ப குறுக்குச் சட்டமும் மாறியது. ஆண்டு தெரியாமல் வாங்கினால் பணம் வீண். மலிவான ரப்பர் சீக்கிரமே தளர்ந்துவிட்டால் மறுபடியும் அடியில் படுக்க வேண்டியதுதான்.

பிரிட்டனில் இதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1988ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபியின் முழு உடற்கூட்டைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. உதிரி பாகங்களுக்கென்றே கடைகள், படம் போட்ட கேட்டலாக்குகள், வேலையைக் கற்றுத்தரும் கிளப்புகள். ஆலையில் வேலை பார்த்த தலைமுறை மறைந்து வருகிறது. அவர்கள் கைக்குத் தெரிந்தது காகிதத்தில் ஏறியதால்தான் கார் பிழைத்திருக்கிறது.

எம்ஜி என்ற பெயர் இப்போது சீன நிறுவனமான சாய்க்கின் கையில். 2019 முதல் அந்த எண்கோண முத்திரை குஜராத்தின் ஹலோல் ஆலையிலிருந்து இந்தியச் சாலைகளுக்கும் வருகிறது. ஆனால் இந்தியாவுக்கு அபிங்டனோடு அதைவிடப் பழைய உறவு உண்டு. எம்ஜிபியின் 1.8 லிட்டர் என்ஜின் பிஎம்சியின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. பல்லாண்டு காலம் அம்பாஸடரை இழுத்த 1,489 சிசி என்ஜினும் அதே குடும்பம். கொல்கத்தாவின் டாக்ஸி மெக்கானிக் அபிங்டன் காரின் பானெட்டைத் திறந்தால் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் சிரிப்பார்.

அம்பாஸடரின் உத்தர்பாரா ஆலையும் 2014ல் நின்றுபோனது. அந்த மெக்கானிக்குகளின் கைக்குத் தெரிந்ததை யார் எழுதி வைக்கப்போகிறார்கள்? ஒரு கார் செத்துப்போவது ஆலை மூடும் நாளில் அல்ல. ரப்பர் துண்டு கிடைக்காமலோ, கிடைத்தும் அதை மாட்டத் தெரிந்த ஆள் இல்லாமலோ போகும் நாளில்தான்.