ஹாஸ்டல் அறை ஜெபக்குழு

கல்லூரி ஊழியம் என்றாலே பலருக்கு மேடையும் மைக்கும் வெளியூர்ப் பிரசங்கியாரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நான் பார்த்தது வேறு. ஹாஸ்டல் அறை, கட்டிலில் பாதிப் பேர், தரையில் மீதிப் பேர். வேதபாடம் நடத்துகிற அண்ணனும் எங்களைப் போல அரியர் எழுதுகிறவர்தான் (அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்).

நம் ஊர்க் கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தை ‘இ.யூ.’ என்று சொல்கிறோமே, அதன் தாய் அமைப்பான யு.இ.எஸ்.ஐ. 1954இல் தொடங்கியது. பொறுப்பு மாணவர் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. மாணவர் கையில் விட்டால் நிலைக்குமா என்று கேட்கலாம்; கேம்பிரிட்ஜில் 1877இல் மாணவர்கள் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கியம் இன்றும் நடக்கிறது.

விசுவாசத்தைப் பகிர்வது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. துண்டுப்பிரதியைக் கையில் திணித்துவிட்டு நகர்கிறவரைவிட, காய்ச்சலில் கிடக்கும் ரூம்மேட்டுக்குக் கஞ்சி வாங்கி வந்து, அவன் கேட்கும்போது மட்டும் இயேசுவைப் பற்றிப் பேசுகிறவரின் சாட்சி பெரிது. பரீட்சை பயத்தில் இருப்பவனைப் பிடித்து வாக்குறுதி வாங்குவது ஊழியமே இல்லை. அவன் ‘வேண்டாம்’ என்றாலும் நட்பு தொடர வேண்டும்.

சபைப் பெரியவர்களே, இந்த வருடம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும்போது, அங்கே மாணவர் ஐக்கியம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லி அனுப்புங்கள்.