சீட்டும் விரிச்சியும்

ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குச் சென்று வந்த தமிழர், அங்கே ஐந்தடிப் பாதையில் அமர்ந்திருந்த கிளி சோதிடரை அறிவர். மகளின் மணமோ மகனின் வேலையோ கேட்டு ஒருவர் வந்து அமர்வார். கூண்டு திறந்ததும் கிளி வெளிப்போந்து, அடுக்கிய சீட்டுகளுள் ஒன்றை அலகால் எடுக்கும். நாண்மீன்களுக்கு ஒன்றாக 27 சீட்டுகள் என்பது மரபு. முருகன் படம் வந்தால் கேட்டவர் முகம் மலரும். சனீசுவரன் வந்தால் வாடும். கிளிக்கோ நெல்மணியன்றி வேறு கவலை இல்லை!

மேலைநாட்டு டாரட் சீட்டுகள் 78. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் விளையாட்டுக்கென எழுந்தவை, பதினெட்டாம் நூற்றாண்டில் குறி சொல்லும் கருவியாயின. இன்று அவற்றை விரிப்போருள் பலர், கேட்பவர் தம் உள்ளத்தைத் தாமே காண அவை துணைசெய்யும் என்பர். 'மரணம்' எனும் சீட்டைக் கண்டு நடுங்குபவர் தம் அச்சத்தையே படிக்கின்றார். அதுவரை சரியே. படத்தை நம்பி மகளின் மணத்தைத் தள்ளிவைப்பது உள்ளம் காண்பதாகாது.

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி விரிச்சி கேட்கின்றனர். தாய்ப்பசுக்கள் இப்போதே வருமென்று கன்றைத் தேற்றுகிறாள் ஓர் ஆயர்மகள். அவள் பேசியது கன்றோடு. அதனைத் தலைவன் வரவாக்கியது கேட்டவர்தம் ஏக்கம். நற்சொல்லைப் பலமுறை எடுத்துரைத்தும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. வகுப்பறையில் ஆசிரியர் விரைந்து கடந்துவிடும் இடம் இது. இறுதியில் அவள் செவியை நிறைத்தது விரிச்சியன்று. மீண்டுவரும் தலைவனது தேர்க்குதிரைகளின் ஒலி.