ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

கான்பூருக்கு மாற்றலாகி வந்த நம்மவர், கங்கைக் கரையிலுள்ள ஜாஜ்மவ் பக்கம் செல்லுங்கால் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். நானும் அவ்வாறே செய்பவன். ஆயினும் நம் காலிலுள்ள செருப்பின் தோல் அங்கே பதப்பட்டதாகவும் இருக்கலாமன்றோ?

பதனிட்ட தோல் அப்படியே உலர்ந்தால், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைத்துவிடும். ஆகவே, நீரோடு கலக்குமாறு பக்குவஞ்செய்த எண்ணெயை உருளைகளில் இட்டு அதற்கு ஊட்டுகின்றனர். தோல் உண்டது போக எஞ்சியது கழிவுநீரோடு செல்கிறது. அது கனிம எண்ணெயாகவோ குளோரின் ஏற்றியதாகவோ இருப்பின், நுண்ணுயிர்களால் எளிதில் செரிக்க இயலாது. குளோரின் ஏற்றிய பாரஃபின்களுள் குறுஞ்சங்கிலி வகையை 2017-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கத்தக்க நஞ்சுகளின் பட்டியலிற் சேர்த்தது. கந்தகாமிலத்தாற் பக்குவப்படுத்திய ஆமணக்கெண்ணெயும் மீனெண்ணெயும் அவற்றினும் விரைவில் மட்கும். மீனெண்ணெய்க்கு வாடையும் மஞ்சளிப்பும் குறைகள்.

மட்குவதுதானே என்று மட்டின்றி விடவுமாகாது. அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடும், மீன்கள் திணறும். ஆதலின் அளவறிந்து ஊட்டி, முடிவில் அமிலமிட்டு எண்ணெயைத் தோலிலேயே நிலைபெறச் செய்தலும், எஞ்சிய நீரைச் சுத்திகரித்தலும் வேண்டும்.

இதனால் செருப்பின் விலை சில ரூபாய் கூடினும், மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் என்போன்ற குமாஸ்தாக்கள் முணுமுணுக்கலாகாது. அமாவாசைதோறும் நம் பிள்ளைகள் மூழ்கியெழுவதும் அதே கங்கையில்தான்.