பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தால் போதாது

ஐப்பசி, திங்கள்

மழை தொடங்கிவிட்டது, பழவேற்காட்டில் இது இறால் காலமும்கூட. முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டும் குப்பங்களில் இரவு வேலை கூடியிருக்கிறது. அதனால் கடைத்தெருவில் டார்ச், ரேடியோ, செல்போன் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் மேசையில் பேட்டரிகளும் கூடியிருக்கின்றன. தலையில் கட்டும் டார்ச், படகில் தொங்கவிடும் எல்இடி விளக்கு, சோலார் விளக்கிலிருந்து கழற்றியது என்று எல்லாம் லித்தியம்.

இந்த ஏரியில் மீன்பிடிக்கப் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்பதைக் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. தன் முறை வந்த இரவில் விளக்கு அணைந்து போனால், மறுநாள் போய்ச் சரிக்கட்ட முடியாது. அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பேட்டரிக்கு இங்கே இருக்கும் மதிப்பு அதிலிருந்து வருவது.

மேசை நடுவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. இரண்டு வரித் திரை, நான்கு பொத்தான்கள், பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைச் சாக்கெட்டுகள். ரிமோட்டில் விமானமும் காரும் ஓட்டும் பொழுதுபோக்குக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட ஐமேக்ஸ் பி6 வகைச் சார்ஜர் அது. செல்போன் சார்ஜரைச் செருகினால் போதும், அது எதையும் கேட்காது. இது மூன்று கேள்வி கேட்கும்: என்ன வகை பேட்டரி, எத்தனை செல், எத்தனை ஆம்பியர்? சரியான பதில் சொன்னால் நல்ல வேலைக்காரன். தப்பான பதில் சொன்னால் பேட்டரி வீங்கும், தீயும் பிடிக்கலாம்.

செவ்வாய்

இன்று வந்த இரண்டு பேட்டரிகளுக்கும் நீலப் பிளாஸ்டிக் உறை. இரண்டிலும் 12 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

மெக்கானிக் இரண்டின் உறையையும் கத்தியால் மெல்லக் கீறினார். ஒன்றில் 18650 வகைச் செல்கள் மூன்று: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். மற்றதில் நாட்டுவெடி அளவுக்குத் தடித்த செல்கள் நான்கு, லித்தியம் இரும்பு பாஸ்பேட், சோலார் விளக்குகளில் நிறையப் பார்க்கலாம். முதல் வகை, செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறையும். மூன்றும் சேர்ந்து 12.6. இரண்டாவது வகை 3.6-இல் நிறையும், நான்கும் சேர்ந்து 14.4. கடையில் இரண்டுமே பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான். இரண்டாவதற்கான அடாப்டரை முதலாவதில் செருகினால் ஒவ்வொரு செல்லின் தலையிலும் 4.8 வோல்ட் ஏறப் பார்க்கும். உள்ளே காவலுக்கு இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு தடுக்க வேண்டும். மலிவான பேட்டரிகளில் அந்த போர்டு இருக்குமா, இருந்தாலும் தடுக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ரசாயனத்தின் பெயரையும் செல் எண்ணிக்கையையும் உறையில் அச்சிடாமல் விற்பவர்கள் வாங்குபவரின் உயிரோடு விளையாடுகிறார்கள். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனித்தனியாக வரும் பேலன்ஸ் வயரை வெள்ளைச் சாக்கெட்டில் செருகி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையில் இரண்டு எண்கள் வரும். ‘ஆர்’ என்பதற்குப் பக்கத்தில் சார்ஜர் தானே எண்ணிய செல்கள். ‘எஸ்’ என்பதற்குப் பக்கத்தில் ஆள் சொன்ன செல்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மெக்கானிக் மறுபடி அழுத்துகிறார். அந்தச் சின்ன வயரைச் செருகாமல் விட்டால் சார்ஜர் மொத்த வோல்ட்டை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

புதன்

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தக் குப்பத்துப் படகுகளுக்குக் கடலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கை வரும். செயற்கைக்கோள்களுக்கும் ராக்கெட்டுகளுக்குமான லித்தியம் அயனி செல்களை இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சொந்தமாகவே உருவாக்கியது. 1.5 ஆம்பியர் மணியிலிருந்து 100 ஆம்பியர் மணி வரைக்குமான அந்தத் தொழில்நுட்பத்தை, நிறுவனம் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் கட்டணத்தில் இந்தியத் தொழிற்சாலைகளுக்குத் தர 2018-இல் முன்வந்தது.

மெக்கானிக்கின் மேசையில் கிடக்கும் தடித்த செல்லுக்கும் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் பேட்டரி ஆய்வாளர் ஜான் குடினஃபோடு சேர்ந்து வேலை பார்த்தார். இரும்பைச் சல்பேட் போன்ற கூட்டு அயனிகளோடு சேர்த்தால் பேட்டரியின் வோல்ட்டை உயர்த்தலாம் என்று இருவரும் காட்டினார்கள். அதே வழியில் குடினஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1997-இல் இரும்பு பாஸ்பேட் வந்தது. கோபால்ட் வேண்டாம், சூட்டைத் தாங்கும், பல ஆண்டு உழைக்கும். 2019-இல் குடினஃபுக்கு 97 வயதில் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம். மீன்பிடி விளக்குக்கு இந்த வகைதான் ஏற்றது என்று மெக்கானிக் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில் நியாயம் இருக்கிறது: கொஞ்சம் கனம் கூட, ஆனால் தவறு நேர்ந்தால் சட்டென்று சீறிப் பற்றாது.

வியாழன்

கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் விளக்கோடு வந்தார்.

“போன வருசம்தான் வாங்கினது தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கே நின்னுபோவுது.”

“வெச்சிட்டுப் போங்க பெரியப்பா, பார்த்துச் சொல்றேன்.”

மல்டிமீட்டரில் மொத்தம் 12.66 வோல்ட். ஒரு குறையும் தெரியவில்லை. பேலன்ஸ் வயரைப் போட்டுச் சார்ஜர் திரையைப் பார்த்தால் 3.31, 3.31, 3.30, 2.74. நான்காவது செல்தான் கோளாறு. அது தளர்ந்துவிட்டதால் முதலில் காலியாகிறது. அது காலியானதும், மற்ற மூன்றிலும் தெம்பு இருந்தாலும், காவல் போர்டு விளக்கை அணைத்துவிடுகிறது.

சார்ஜ் ஏற்றும்போது இதே கதை தலைகீழாக நடந்தது. மற்ற மூன்றும் 3.40-இல் நிற்கும்போதே நான்காவது 3.60-ஐத் தொட்டுவிட்டது. சாதாரண அடாப்டர் மொத்தத்தை மட்டும் பார்க்கும், 14.4 வரவில்லையே என்று இன்னும் தள்ளும், அந்த மிச்சச் சுமை எல்லாம் நொந்த செல்லின் மேலேயே விழும். இந்தச் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து, முந்திய செல்லிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வடித்துவிட்டு மற்றவை வந்து சேரக் காத்திருக்கிறது. வடிப்பது 300 மில்லி ஆம்பியருக்குள்தான். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பல மணி நேரம் ஆகும்.

மெக்கானிக் 6 ஆம்பியர் என்று கேட்டுப் பார்த்தார். திரையில் மூன்றரையைத் தாண்டவில்லை. பெட்டியின் மொத்தச் சக்தி 50 வாட். 14 வோல்ட்டுக்கு வகுத்தால் அவ்வளவுதான் வரும். தளர்ந்த செல்லை மாற்ற முடிவாயிற்று. சாலிடரிங் சூடு செல்லைக் கெடுக்கும் என்பதால் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில்தான் ஒட்டுவார்.

வெள்ளி

மழையில் படகு கவிழ்ந்து, ஏரித் தண்ணீரில் ஓர் இரவு கிடந்த பேட்டரி.

“வெயில்ல நல்லா காயவெச்சிட்டேண்ணா. இப்போ போட்டா ஏறும்ல?”

மெக்கானிக் சார்ஜரைத் தொடவில்லை. வயர் முனையைப் பிரித்துக் காட்டினார். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. போர்டின் கால்களுக்கிடையே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தண்ணீர் காயும், உப்பு காயாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அது மறுபடி மின்சாரத்துக்கு வழி போடும். 2022 செப்டம்பரில் இயான் புயல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, வெள்ளம் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பற்றின. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, அப்படிப்பட்ட வண்டிகளை வீட்டையும் மற்ற வண்டிகளையும் விட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னது. உள்ளங்கையளவு பேட்டரிக்கும் அதே ரசாயனம்தான்.

அந்தப் பேட்டரி கடைக்குப் பின்னால், சுவரை விட்டுத் தள்ளி, மண்சட்டிக்குள் போனது. கொண்டுவந்த இளைஞருக்கு மனசே இல்லை. புதிது வாங்க வேண்டுமென்றால் பல நாள் பாடு. ஆனாலும் நைலான் வலையும் ஓலைக் கூரையும் பைபர் படகும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் இந்த ஒன்றில் மட்டும் தயவு பார்க்கக் கூடாது.

ஞாயிறு

பெரியவரின் விளக்குப் பேட்டரி புதுச் செல்லோடு நிறைந்தது. எவ்வளவு தாங்கும் என்று அளக்க வேண்டும். நிறைந்ததைச் சார்ஜரே இறக்கிப் பார்த்து மில்லி ஆம்பியர் மணியில் கணக்குச் சொல்லும். ஆனால் அது 5 வாட்டுக்கு மேல் இறக்காது. 6 ஆம்பியர் மணி, 12.8 வோல்ட் என்றால் 77 வாட் மணி. இறக்கி முடிக்கப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். நடுவில் கரண்ட் போனது. சார்ஜர் 11 முதல் 18 வோல்ட் வரை நேர்மின்சாரம் வாங்கிக்கொள்ளும் என்பதால் பழைய கார் பேட்டரியில் கிளிப்பை மாட்டி, விளக்குப் பேட்டரியை மறுபடி நிறைத்து, கணக்கை முதலிலிருந்து தொடங்கினார்.

ராத்திரி கடையை மூடும்போது அதுவரை வந்த கணக்கைக் குறித்துக்கொண்டு சார்ஜரை அணைத்துவிட்டார். ஆள் இல்லாமல் லித்தியம் ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. வேலை ஒரு நாள் தள்ளிப் போகும், போகட்டும்.

கார்த்திகை, முதல் வாரம்

மெக்கானிக் இப்போது சரிசெய்து அனுப்பும் ஒவ்வொரு பேட்டரியிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, மேலே டேப் சுற்றுகிறார். வகை, எத்தனை செல், எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும், எந்தத் தேதியில் எவ்வளவு தாங்கியது. அதே வரி அவருடைய நோட்டிலும் ஏறுகிறது. அடுத்த முறை வேறு யார் கையில் அந்தப் பேட்டரி கிடைத்தாலும் சார்ஜர் கேட்கும் கேள்விக்குப் பதில் ஒட்டியிருக்கும். மாதக் கணக்கில் சும்மா கிடக்கப் போகிற 18650 பேட்டரி என்றால் முழுக்க ஏற்றாமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திக் கொடுக்கிறார். நிறைந்தபடி வெயிலில் கிடந்தால் சீக்கிரம் கிழடு தட்டும்.

கழித்த செல்களின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, தகர டப்பாவில் தனியாகப் போடுகிறார். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. மண்ணில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் டப்பாவோடு ஒப்படைத்துவிட்டு வருகிறார். கரையோரம் வீசப்பட்ட பேட்டரிகளைப் பொறுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடமிருந்தும் வாங்கி அதில் சேர்க்கிறார்.

இந்த வாரம் பக்கத்துக் குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் ‘ஆர்’, ‘எஸ்’ எண்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.