ஒரு கிலோ என்ன விலை?

மேட்டுப்பாளையம்னு சொன்னதும் ஊட்டி மலை ரயிலும் பாக்குத் தோப்பும் கண்ணு முன்னாடி வந்துச்சா? ஸாரி பாஸ், தப்பான பஸ்ல ஏறிட்டீங்க! நாம போறது கோவைப் பக்கம் இல்ல. இது பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம்.

பீச் ரோடு, மஞ்சள் சுவர் வச்ச பிரெஞ்சுத் தெரு, மணக்குள விநாயகர் கோயில்... டூரிஸ்ட் பாண்டி அதோட முடிஞ்சிடும். வழுதாவூர் சாலையைப் பிடிச்சு ஊருக்கு வெளியே வந்தீங்கன்னா வேற ஒரு பாண்டி ஆரம்பிக்கும். பிப்டிக் தொழிற்பேட்டை, ஷிப்ட் முடிஞ்சு டிபன் பாக்ஸோட கிளம்புற கூட்டம், வரிசையா நிக்கிற லாரிகள், டீக்கடையில இந்தியும் தெலுங்கும் பேசுற டிரைவர்கள். செல்ஃபிக்குத் தோதான இடம் இல்லதான். ஆனா, உழைக்கிற பாண்டியைப் பார்க்கணும்னா இங்கேதான் வரணும்.

இங்கே எல்லாமே எடைக் கணக்கு. லாரியை முதல்ல காலியா எடை மேடையில ஏத்துவாங்க. அப்புறம் லோடோட ஏத்துவாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அதுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு வாடகை. எடை கூடினா காசு கூடும், அவ்வளவுதான்.

இன்னொரு சரக்கு இருக்கு. அதுலயும் எடை கூடினா விலை கூடும். ஆனா, அந்த விலை ரூபாய்ல இல்ல!

ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல கேக்குற ரெண்டு டயலாக் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒண்ணு, 'பாண்டில எல்லாம் ஃப்ரீ மச்சி!' இன்னொண்ணு, 'ஒரு கிலோவுக்குக் கீழன்னா கேஸே கிடையாதுடா.' ரெண்டுமே டுபாக்கூர். எப்படின்னு பார்ப்போமா?

மெனு கார்டு போட்டு விக்கிற ஊர்

அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரி 1-லிருந்து பெரியவங்களுக்குக் கடையில கஞ்சா விக்கிறாங்க. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து. கனடாவில் 2018 அக்டோபர் 17-லிருந்து நாடு முழுக்க. அங்கே அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனா நகைக்கடை மாதிரி கண்ணாடிப் பெட்டி இருக்கும், விலைப் பட்டியல் இருக்கும். கணக்கு அவுன்ஸ்ல. ஒரு அவுன்ஸ் சுமாரா 28 கிராம். அதுல எட்டுல ஒரு பங்கு மூணரை கிராம், கால் பங்கு 7, அரைப் பங்கு 14. மளிகைக் கடை மாதிரியேதான், மொத்தமா வாங்கினா கிராம் விலை குறையும். போதை தர்ற வேதிப்பொருள் எத்தனை சதவிகிதம்னு லேபிள்ல இருக்கும். பில் போடும்போது வரியும் சேரும்.

அங்கேயும் லிமிட் உண்டு. கனடாவில் பொது இடத்துல 30 கிராமுக்கு மேல கையில வச்சிருக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 28.5 கிராம். இந்த ஊர் ரீல்ஸைப் பார்த்துட்டுத்தான் நம்ம பசங்க இங்கேயும் அதே கணக்கைப் போடுறாங்க.

பாண்டி பார்டர்ல மாறாத சட்டம்

பாண்டியில சரக்கு பாட்டில் விலை வேற, தமிழ்நாட்டுல வேற. காரணம் சிம்பிள். மதுவுக்கான வரியும் சட்டமும் அந்தந்த அரசோட கையில இருக்கு. ஆனா கஞ்சா விஷயம் அப்படி இல்ல. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்திய அரசோடது. கோட்டக்குப்பத்துல என்னவோ அதேதான் மேட்டுப்பாளையத்துலயும். பார்டரைத் தாண்டினா ஒரு வரிகூட மாறாது.

'பிரான்ஸ்ல இருக்கிற சித்தப்பா பையன் சொன்னான்'னு இழுக்காதீங்க. பிரான்ஸ்லயும் அது குற்றம்தான். 2020-லிருந்து அங்கே உபயோகிச்சாலே 200 யூரோ ஸ்பாட் ஃபைன் போடுறாங்க.

அந்த ஒரு கிலோ கதை எங்கிருந்து வந்துச்சு? 2001-ல் சட்டத்தைத் திருத்தினப்போ அளவை மூணாப் பிரிச்சாங்க. கஞ்சாவுல 1 கிலோவுக்குக் கீழன்னா 'சிறிய அளவு'. 20 கிலோவுக்கு மேலன்னா 'வணிக அளவு'. நடுவுல இருக்கிறது இடைப்பட்ட அளவு. விலைப் பட்டியல் இதோ:

சிறிய அளவு: 1 வருஷம் வரை கடுங்காவல், இல்லாட்டி 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லாட்டி ரெண்டுமே.

இடைப்பட்ட அளவு: 10 வருஷம் வரை, கூடவே 1 லட்சம் வரை அபராதம்.

வணிக அளவு: குறைஞ்சது 10 வருஷம், அதிகபட்சம் 20. அபராதம் 1 லட்சத்துல ஆரம்பிச்சு 2 லட்சம் வரை. ஜாமீன் கிடைக்கிறது குதிரைக் கொம்பு.

கவனிச்சீங்களா? 'சிறிய அளவு'ன்னா சின்ன தண்டனைனுதான் அர்த்தம், 'அனுமதி'ன்னு அர்த்தம் இல்ல. 5 கிராம் பொட்டலமும் கேஸ்தான். கையில எதுவுமே இல்லாம, இழுத்தது நிரூபணமானாலே 6 மாசம் வரை உள்ளே போகலாம். பிசினா வர்ற சரஸுக்கு அளவு இன்னும் இறுக்கம். 100 கிராமுக்குக் கீழ இருந்தாதான் சிறிய அளவு, 1 கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு வந்துடும்.

எடை மேடையில காலி லாரி எடையைக் கழிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? இந்தச் சட்டத்துல அந்தக் கழிவு கிடையாது. போதைப்பொருளோட வேற எதையாவது கலந்திருந்தா அதையும் சேர்த்துத்தான் மொத்த எடைன்னு உச்ச நீதிமன்றம் 2020-ல் ஹீரா சிங் வழக்குல சொல்லிடுச்சு. லேபிள்ல சதவிகிதம் பார்க்கிறதெல்லாம் கலிஃபோர்னியாவோட சரி.

சர்க்காரே வித்த காலம்

இன்னொரு ஆச்சரியம். வெள்ளைக்காரன் ஆட்சியில சென்னை மாகாணத்துல லைசென்ஸ் கடையிலேயே கஞ்சா வித்தாங்க. சர்க்கார் கண்காணிப்புல ஜவ்வாது மலைப் பக்கம் பயிரிட்டு, போளூருக்குப் பக்கத்துல சந்தவாசல் கிடங்குல வச்சு வெளியே அனுப்பினாங்க. அப்போ கணக்கு தோலாவில். ஒரு தோலா சுமார் 11.66 கிராம். அதுல வந்த வரி நேரா கஜானாவுக்குப் போச்சு.

இன்னைக்கும் ராஜஸ்தான் ஜெய்சால்மர் போனா கோட்டைப் பக்கம் அரசு அனுமதி பெற்ற பாங் கடையைப் பார்க்கலாம். எப்படின்னா, சட்டப்படி கஞ்சான்னா பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராத வெறும் இலை அந்தக் கணக்குல வராது. அந்த இலையை அரைச்சதுதான் பாங். அதை அனுமதிக்கிறதும் தடுக்கிறதும் மாநிலத்தோட விருப்பம். ஜெய்சால்மர்ல கடை இருக்குங்கிறதை நம்பி நம்ம ஊர்ல யாரும் அரைச்சுடாதீங்க!

அதே ஒரு கிலோ

கடைசியா சிங்கப்பூர். அங்கே 500 கிராமுக்கு மேல கடத்தினா மரண தண்டனை. 2023 ஏப்ரல் 26 அன்னைக்கு தங்கராஜு சுப்பையாங்கிற 46 வயசுத் தமிழரைத் தூக்குல போட்டாங்க. கணக்கு 1,017.9 கிராம். அந்தப் பொதியை அவர் கையால தொடவே இல்ல. கடத்தலுக்கு உடந்தைங்கிறதுதான் குற்றச்சாட்டு. அவரோடதுன்னு கோர்ட் முடிவு பண்ணின செல்போன் நம்பர்கள்தான் முக்கிய ஆதாரம். உலகம் முழுக்கப் பலர் கேட்டும் தண்டனை நிக்கல.

டென்வர்ல கடை அலமாரியில இருக்கிற சரக்கு. பாண்டியில 'சிறிய அளவு' எல்லையைக் கொஞ்சம் தாண்டின சரக்கு. சிங்கப்பூர்ல ஒரு உயிர். எடை ஒண்ணுதான் ஃபிரெண்ட்ஸ், நிக்கிற ஊர்தான் வேற. இந்தச் சட்டங்கள் நியாயமான்னு தாராளமா விவாதம் பண்ணுங்க, டிகிரிக்கு அதுவும் தேவைதான். 2020 டிசம்பர்ல ஐ.நா. ஓட்டெடுப்புல கஞ்சாவை ரொம்பக் கடுமையான பட்டியல்லருந்து எடுக்க இந்தியாவே ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு. ஆனா விவாதம் மேடையில இருக்கட்டும், பொட்டலம் பையில வேணாம். 'என் ஃபிரெண்டோடது சார், சும்மா வச்சிருந்தேன்'னா, பையில எப்படி வந்துச்சுனு நிரூபிக்கிற பாரமும் உங்க தோள்லதான் விழும்.

ஏற்கெனவே மாட்டிக்கிட்ட நண்பன் யாராவது இருந்தா, அவனுக்கு இதைச் சொல்லுங்க. இதே சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பழக்கத்துக்கு அடிமையாகி, உபயோகிச்சதுக்கோ சிறிய அளவு வச்சிருந்ததுக்கோ கேஸ் வந்தவர், தானா முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்குலருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில விட்டா அந்தச் சலுகை போயிடலாம். மேட்டுப்பாளையத்துலருந்து ஜிப்மர் ஒண்ணும் தூரம் இல்ல. கேஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். 14446-க்கு போன் அடிச்சா காசு கிடையாது, இந்தப் பட்டியல்ல ஃப்ரீயா கிடைக்கிறது அது ஒண்ணுதான்!