இழை எங்கே அறுந்தது?

ஆரணியில பாவு இழை அறுந்தா யாரும் பாவையே வெட்டி எறிய மாட்டாங்க. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டுட்டு மேலே நெய்வாங்க. பழைய காரோட ஹெட்லைட் கோளாறும் அப்படித்தான்.

1989-ல வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வீடியோவில பார்த்திருப்பீங்க. சுவிட்ச் போட்டா ஹெட்லைட் மேலே எழும்பும். ரெண்டும் எழலைன்னா, முதல்ல ரெண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே, சுவிட்சைப் பார்க்கணும். ஒண்ணு மட்டும் எழலைன்னா, அந்தப் பக்க மோட்டார், கனெக்டர், எர்த். ஃபியூஸைக் கழற்றிட்டு மோட்டாரோட குமிழைக் கையால திருகிப் பாருங்க. இறுகினா கோளாறு மெக்கானிக்கல்; லேசா சுத்தினா எலக்ட்ரிக்கல் பக்கம் தேடலாம்.

எங்க மாமா பட்டுச்சேலை ஏத்திட்டுப் போற பழைய கார்ல எழும்புற லைட் கிடையாது. ஆனா இதே முறை அங்கேயும் உதவுச்சு. வலது லைட் மட்டும் மங்கல். ராத்திரியில எதிர்ல வர்ற லாரிக்காரர் இடது லைட்டை மட்டும் பார்த்து, பைக்னு நினைச்சு நெருங்கி வந்துடலாம்.

"பல்பு போயிடுச்சுடா, மாத்திடு"ன்னார் மாமா. புது பல்பும் மங்கலாத்தான் எரிஞ்சது. ஒரு பக்கம் மட்டும்தானே, எர்த்தைப் பார்ப்போம்னு லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொண்ணை லைட்டோட எர்த்லயும் வெச்சேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும்; 3 வோல்ட் காட்டிச்சு. பல்புக்குப் போக வேண்டிய வோல்ட்டேஜை வழியிலேயே துரு தின்னுட்டு இருந்தது.

எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினதும் ரெண்டு லைட்டும் ஒரே மாதிரி எரிஞ்சது. பழைய பல்பை மாமா டேஷ்போர்டுல பத்திரமா வெச்சிருக்கார். அது நல்ல பல்புதான்.