கொடைரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்கு

கொடைக்கானலுக்குச் செல்வோர் வந்திறங்கும் கொடைரோடு நிலையத்தில், மலைக்கு முதுகைக் காட்டிப் பாண்டியன் விரைவு வண்டியில் ஏறினேன். பையில் பழைய கண்டென்சர் ஒன்று: 32 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். எம் பாடகர் குழுவின் வால்வு ஆம்பிளிபையரிலிருந்து கழற்றப்பெற்றது. கிட்டார் ஒலிக்குமுன் பெட்டியின் இரைச்சலே கோவிலை நிறைத்துவந்தது. புதியது வாங்கலாம் என்றனர் இளைஞர். அதை அன்பளித்த பெரியவர் இன்னும் முன்வரிசையில் அமர்கிறாரே!

திண்டுக்கல்லிலும் மதுரையிலும் கிட்டவில்லை. சென்னை அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், நான்காவது கடையில் விடை கிடைத்தது. "32 இப்போது கிடைப்பது அரிது, ஃபாதர். 33 போடுங்கள், குறையில்லை. வோல்ட்டை மட்டும் குறைக்காதீர்கள்" என்றார் கடைக்காரர். வால்வு வேறொரு கடையின் பரணிலிருந்து இறங்கியது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் செய்த சரக்கு. அட்டைப்பெட்டி பிரிக்கப்படாதிருந்தும், சோதிக்காமல் வாங்கினேனல்லன். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தால் கம்பி சுற்றுவோரைத் தேடி அலையவேண்டும். இறைவனருளால் அது நலமே.

ஊர் மெக்கானிக், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெட்டிக்குள் கைவிடவில்லை. கண்டென்சர்களில் உயிர்குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பின்னரே தொட்டார். இதை வாசிக்கும் பிள்ளைகள் மறவாதிருக்க.

ஞாயிறன்று, திருப்பலிக்கு முன், பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு என்னை அழைத்தார். "என்ன சாமி, பெட்டியை இன்னும் போடவில்லையா?"